குடும்பத்தில் ஆட்கள் குறைந்தார்கள், வேலை குறையவில்லை

(பர் துபாயில் நடைபெற்ற சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

 

நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. ஏ.எல். சோதனையோடு படிப்பை விட்டுப்போட்டு, தொழிற்சாலையில் மெசின் முன்னால் நிற்கிறவன். "பாட்டு இருக்கு, நாடகம் இருக்கு, நீர் குடும்பத்தைப் பற்றி ஏதாவது கதையும் தம்பி" என்று சங்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். தட்ட முடியவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தைப் பற்றிப் பேசு என்றால், கூட்டுக்குடும்பம் நல்லது, காலம் கெட்டுப்போச்சு, எல்லாருக்கும் காசுதான் பெரிசாய்ப் போச்சு என்று சொல்லிவிட்டு இறங்கலாம். நீங்களும் கைதட்டுவீர்கள். அதனால் ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லை. இங்கே இருக்கிற எவரும் விருப்பத்துக்குக் குடும்பத்தை விட்டு வந்தவர்கள் இல்லை. ஆகவே நான் மூன்று கேள்விகளைக் கேட்கப் போகிறேன். எங்கட குடும்பத்தில் இப்போது எத்தனை பேர்? அவர்கள் எங்கெங்கே இருக்கினம்? முன்பு பலபேர் சேர்ந்து செய்த வேலைகளை இப்போது ஆர் செய்யினம்? இந்த மூன்றுக்கும் விடை தேடினால், எங்கட ஆட்களுக்கு ஏன் நித்திரை வருவதில்லை, ஏன் பிறசர் கூடுது, ஏன் தொட்டதுக்கெல்லாம் கோபம் வருது என்பதற்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

ஊரைவிட்டுப் போவது எங்களுக்குப் புதிய விசயம் அல்ல. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், 1800களின் கடைசியிலிருந்தே யாழ்ப்பாணத்து ஆட்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ரெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கிளாக்கர்மாராய், ஸ்ரேசன் மாஸ்ரர்மாராய் வேலை பார்த்தார்கள். "மலாயன் பென்சனியர்" என்ற சொல்லை வயது வந்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஊரில் நிற்கிற பழைய கல்வீடுகள் பல அந்தக் காசில் எழும்பியவைதான். அந்தக் காலத்திலும் பிரிவு இருந்தது, கண்ணீர் இருந்தது. ஆனால் வீடு வெறுமையாகவில்லை. ஏன்?

இதற்கு விடை சின்னக் கணக்கில் இருக்கிறது. இலங்கையில் 1950களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகளுக்கு மேல். 2016ஆம் ஆண்டு அரசாங்கம் செய்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி அது 2.2 ஆகிவிட்டது. ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்று பேர் கப்பல் ஏறினால் நாலு பேர் ஊரில் மிஞ்சுவார்கள். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டுபேரும் பிளேன் ஏறினால் மிச்சம் பூச்சியம். போகிற பழக்கம் பழசுதான். மிஞ்சுவதற்கு ஆள் இல்லாமல் போனதுதான் புதுசு.

பிள்ளைகள் குறைந்ததைக் குறையாய்ச் சொல்ல நான் வரவில்லை. பிரசவத்தில் தாய்மார் சாகிறது குறைந்தது, பெண்பிள்ளைகள் படித்தார்கள், பிறந்த பிள்ளைகள் தப்பி வளர்ந்தார்கள். இதெல்லாம் நல்ல விசயங்கள். அதோடு ஆயுளும் கூடியது. 1981இல் இலங்கையில் நூறு பேரில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஏழு பேருக்கும் குறைவு. 2012இல் அது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அதேநேரம் வீடுகள் சுருங்கின. 1981இல் ஒரு வீட்டில் சராசரியாக ஐந்து பேர் இருந்தார்கள். 2012இல் நாலு பேருக்கும் குறைவு. அதாவது பார்க்கவேண்டிய முதியவர்கள் கூட, பார்க்கிற கைகள் குறைய.

இது முழு இலங்கைக்கும் பொதுவான கதை. எங்கட பகுதிக்கு இதற்கு மேலே போரும் சேர்ந்தது. 1981க்குப் பிறகு வடக்குக் கிழக்கு முழுவதிலும் ஒழுங்கான குடிசனக் கணக்கெடுப்பு 2012 வரை நடக்கவில்லை. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழு இலங்கையின் சனத்தொகை 1 கோடி 48 இலட்சத்திலிருந்து 2 கோடி 3 இலட்சமாய்க் கூடியது. அதே காலத்தில் இன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 7 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேலிருந்து 5 இலட்சத்து 83 ஆயிரமளவுக்கு இறங்கியது. கூடியிருக்க வேண்டிய இடத்தில் குறைந்திருக்கிறது. அந்தக் குறைவுக்குள் 1983 யூலைக்குப் பிறகு வெளிநாடு போனவர்கள் இருக்கினம். 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் இருக்கினம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு இரவோடிரவாய் நடந்து, பிறகு திரும்பாமலே போனவர்கள் இருக்கினம். 2009 மே மாதம் வரை செத்தவர்களும் காணாமற்போனவர்களும் இருக்கினம். ஒவ்வொரு இலக்கத்துக்குப் பின்னாலும் ஒரு பூட்டின கதவு இருக்கிறது.

எங்கட குடும்பம் எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்கவேணும். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் சட்டமாக்கிய தேசவழமை இன்றும் எங்கட காணி உறுதிகளில் பேசுது. அந்த வழக்கப்படி வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாய்ப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். தாயும் தகப்பனும் மகளோடு, மகளின் வீட்டில், தங்கட பழைய அறையில் இருப்பார்கள். அதனால்தான் எங்களில் கனபேர் அம்மம்மாவின் கையில் வளர்ந்தவர்கள். மட்டக்களப்பிலும் குடிவழி தாய்வழிதான். ஆக எங்கட ஊரில் வயதானவருக்குப் பென்சனும் காப்புறுதியும் எல்லாமே மகள்தான்.

இப்போது அந்த மகள் கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்கோ சூரிச்சுக்கோ போய்விட்டாள். உறுதியில் அவளுடைய பெயர். வீட்டில் தாயும் தகப்பனும் காவல்காரர் மாதிரி. காலமை கேற்றைத் திறப்பார்கள், பின்னேரம் பூட்டுவார்கள். மாமரம் காய்க்கும், பிடுங்க ஆள் இல்லை. கனடா அரசாங்கம் 2011 கடைசியில் பெற்றோருக்கென்று "சுப்பர் விசா" கொண்டுவந்த பிறகு சிலர் போய்ப் பார்த்தார்கள். பனிக்குள் கதவைத் திறக்க ஏலாமல், பேரப்பிள்ளை பேசுகிற மொழி விளங்காமல், ஆறு மாதத்தில் "என்னை ஊருக்கு விடுங்கோ" என்று திரும்பி வந்தவர்களும் இருக்கினம்.

இனி எங்கட பக்கத்துக்கு வருகிறேன். கனடாவும் ஐரோப்பாவும் ஒரு குடும்பத்தைப் பகுதி பகுதியாய் என்றாலும் எடுத்தன. வளைகுடா எங்கட கைகளை மட்டும் எடுத்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு இங்கே கட்டிடங்கள் எழும்பின, ஆட்கள் தேவைப்பட்டார்கள். இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் சட்டத்தால் அமைக்கப்பட்டது. இந்த நாடு 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்து வைக்காத நாடு. ஆகவே எங்களில் அகதியாய் ஓடிவந்தவனும் இங்கே தொழிலாளியாகத்தான் இருக்கலாம். வேலை இருந்தால் விசா, விசா இருந்தால் இருப்பு.

மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம்தானே என்று ஊரில் கேட்பார்கள். சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் கம்பனி தருகிற வீடும் இருந்தால் கூப்பிடலாம் என்பது இங்குள்ள விதி. 2019இல் தொழில் என்ன என்று பார்ப்பதை விட்டு வருமானத்தை மட்டும் பார்ப்பதாக மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் இந்த மண்டபத்தில் அந்தச் சம்பளம் எடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. வீட்டு வாடகையும் பள்ளிக்கூடக் காசும் சேர்ந்தால் 4,000 எந்த மூலைக்கு? துபாயில் இருக்கிற பத்துப் பேரில் கிட்டத்தட்ட ஏழு பேர் ஆண்கள். மீனா பசாரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நின்று பார்த்தால் கணக்குத் தேவையில்லை, கண்ணே சொல்லும். கல்யாணமான பிரம்மச்சாரிகளின் பட்டணம் இது.

பெண்கள் வந்த கதை இன்னொன்று. 1990களில் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் பெரும்பகுதி பெண்கள், அதிலும் வீட்டுவேலைக்கு வந்தவர்கள். தன் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே வேறொருத்தியின் பிள்ளையைத் தூக்கி வளர்த்தார்கள். 2013இல் இலங்கை அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுவேலைக்குப் போக ஏலாது, மற்றத் தாய்மாரும் பிள்ளையை ஆர் பார்க்கிறது என்று குடும்பப் பின்னணி அறிக்கை கொடுக்கவேணும். பின்னர் அதைத் தளர்த்தினார்கள். பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் என்று சொன்னார்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். "உன் பிள்ளையை ஆர் பார்க்கிறது?" என்று அந்தத் தாயிடம் கேட்ட அதே கந்தோர், எங்களைப் போல ஆம்பிளைகளிடம் ஒருநாளும் கேட்கவில்லை. எங்கட வீட்டில் அந்தக் கேள்விக்கு விடை தயாராய் இருக்கு என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். அந்த விடையின் பெயர் மனைவி, இல்லாவிட்டால் அக்கா, இல்லாவிட்டால் தங்கச்சி.

நாங்கள் ஓர் அறையில் எட்டுப்பேர் படுக்கிறோம். இந்தப் பேச்சுக்காக அவர்களிடம் கேட்டேன். "ஊரில் அம்மாவை ஆர் பார்க்கிறது?" ஆறு பேரின் விடை அக்கா அல்லது தங்கச்சி. "அவ என்ன செய்யிறா?" என்று ஒருவரிடம் கேட்டேன். "அவ வீட்டிலை சும்மாதான் அண்ணை இருக்கிறா" என்றார்.

சும்மா என்றால் என்ன என்று நாங்கள் இரவு ஒரு மணித்தியாலம் கதைத்தோம். விடிய எழும்பித் தாயைக் கழுவி உடுப்பு மாற்றுவது சும்மா. கிளினிக்குக்கு நம்பர் எடுக்க முதல் பஸ் பிடிப்பது சும்மா. இன்சுலின் ஊசி, சீனி பார்க்கிற மெசின், வங்கி, கரண்ட் பில், காணி எல்லைப் பிரச்சினை, கிராம சேவகர் கடிதம், செத்தவீடு, கலியாணவீடு, கோயில் திருவிழா உபயம் எல்லாம் சும்மா. வெளிநாட்டிலிருக்கிற நாலு பேரின் தொலைபேசிக்கும் நாலு விதமாய்ப் பதில் சொல்வதும், அம்மா விழுந்த கதையை மூத்த அண்ணைக்குப் பயப்படாமல் சொல்வதும், சின்னத் தம்பிக்குச் சொல்லாமல் மறைப்பதும் சும்மா. இதையெல்லாம் முன்பு ஏழு பிள்ளைகளும் அவர்களின் மாப்பிள்ளை மருமக்களும், பக்கத்து வளவுச் சித்தியும், ஒழுங்கை முனையில் இருக்கிற மாமியும் பங்குபோட்டுச் செய்தார்கள். குடும்பத்தில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், குடும்பத்தின் வேலை குறையவில்லை. அது மிஞ்சி நிற்கிற ஒருத்தியின் தலையில் வந்து நிற்குது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

அவளுக்கு முப்பத்தைந்து, நாற்பது என்று வயது போகுது. கலியாணம் பேசி வந்தால், "அம்மாவை ஆர் பார்க்கிறது?" என்று நாங்களே நாக்கு நுனியில் ஒரு கேள்வியை வைத்திருக்கிறோம். வாய்விட்டுக் கேட்பதில்லை. அவளுக்கு அது கேட்கும்.

மனைவிமாரின் நிலையும் இதுக்குக் கிட்டத்தட்டத்தான். இலங்கையில் நாலில் ஒரு வீடளவுக்குப் பெண்தான் வீட்டுத் தலைவி. வடக்கில் கணவனைப் போரில் இழந்தவர்கள், இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தெருவோரம் கொட்டில் போட்டுக் குந்தியிருந்து கேட்டவர்கள், எங்களைப் போன்றோரின் மனைவிமார் எல்லாரும் அந்தக் கணக்குக்குள் வருகினம். காணாமற்போனவரின் வீட்டில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க வருகிறவர் கேட்டால் அந்தத் தாய் என்ன எண்ணிக்கையைச் சொல்வாள்? யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயத்தை ஒவ்வொரு ஆளாய் மட்டும் பார்த்தால் போதாது, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துப் பார்க்கவேணும் என்று பல வருடமாய் எழுதி வருகிறார். குடும்பம் முழுதாய் நின்றால் தாங்கக்கூடிய பாரத்தை, உடைந்த குடும்பத்தில் ஒரு ஆள் தாங்க ஏலாது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. கேரளத்தில் 1998 முதல் திருவனந்தபுரத்து அபிவிருத்தி ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் வீடு வீடாய்ப் போய்ப் புலம்பெயர்வைப் பற்றிக் கணக்கெடுத்து வந்தார்கள். "கல்ஃப் மனைவிமார்" என்று ஒரு தனிக் கூட்டமே அங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். அந்தப் பெண்கள் வங்கிக் கணக்குத் திறந்தார்கள், வீடு கட்டுவித்தார்கள், தனியாய் முடிவெடுக்கப் பழகினார்கள். கூடவே தனிமையையும் சொன்னார்கள். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கிறது. பெருமையும் உண்மை, தனிமையும் உண்மை. தனிமை உடம்பையும் கெடுக்கும் என்று இப்போது உலக சுகாதார நிறுவனமே ஒத்துக்கொண்டு, 2023இல் மனிதத் தொடர்புகளைப் பற்றி ஆராய ஓர் ஆணைக்குழு அமைத்தது. எங்கட அம்மம்மாமார் வெற்றிலைத் தட்டத்தோடு பின்னேரம் படலையடியில் குந்தியிருந்ததும் ஒரு வைத்தியம்தான் என்று நான் நினைக்கிறேன்.

இங்கே இருக்கிற ஆம்பிளைகளின் பாரத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. இரட்டைத்தட்டுக் கட்டிலில் மேல்தட்டு, அதற்கு ஒரு திரைச்சீலை, அதுதான் எங்கட வீடு. இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் ஒரு மாத லீவு. அந்த ஒரு மாதத்தில் பிள்ளை எங்களோடு பழகத் தொடங்க, ரிக்கற் நாள் வந்துவிடும். இன்னொன்று இருக்கிறது, அதை ஒருவரும் கதைப்பதில்லை. நாங்கள் இல்லாமலே அந்த வீடு நடக்கப் பழகிவிட்டது. நடக்கத்தான் வேணும், இல்லாவிட்டால் விழுந்துவிடும். ஐம்பத்தைந்து வயதில், வேலை முடிந்து, கையில் கிடைத்த சேவைக்காலப் பணத்தோடு நாங்கள் திரும்பும்போது, அந்த வீட்டில் எங்களுக்கு என்ன வேலை? எந்தக் கதிரை? இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்கள் கிழவராவதில்லை. வேலை முடிந்தால் விசாவும் முடியும். கிழமை ஊரில்தான் தொடங்கவேணும். அதற்கு இப்போதே வீட்டில் இடம் பிடித்து வைக்கவேணும். காசு அனுப்புவதால் மட்டும் அந்த இடம் கிடைக்காது.

பழைய கூட்டுக்குடும்பத்துக்குத் திரும்பிப் போவோம் என்று நான் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் நல்லதாய் இருந்ததும் இல்லை. சீதனம் சேரும்வரை அக்காமார் காத்திருந்தார்கள், அக்காமார் முடியும்வரை தம்பிமார் காத்திருந்தார்கள். சாதி பார்த்துப் படலை மூடின வீடுகளும் கூட்டுக்குடும்பங்கள்தான். போன காலம் போகட்டும். 2022இல் நாடு பொருளாதாரத்தில் விழுந்தபோது 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரே வருசத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். வீட்டில் மிஞ்சியிருந்த அந்த ஒருவரும் பாஸ்போர்ட் எடுக்கிற காலம் இது. ஆகவே இருக்கிற ஆட்களை வைத்து வேலையை எப்படிப் பங்குபோடுவது என்றுதான் யோசிக்கவேணும். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, வேலைகளை எழுதுங்கள். இந்த மாதமே, உங்கட சகோதரங்கள் எல்லாரும் தொலைபேசியில் ஒன்றாய் வந்து, அம்மா அப்பாவுக்காகச் செய்யப்படுகிற வேலைகள் ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். தூரத்திலிருந்து செய்யக்கூடியவை எவை? கரண்ட் பில், தண்ணி பில், மருந்து ஓடர், வங்கிக் கணக்கு, ஓட்டோக்காரருக்கு ஒழுங்கு சொல்வது, இதெல்லாம் கனடாவிலிருந்தும் செய்யலாம், துபாயிலிருந்தும் செய்யலாம். அதை ஊரிலிருப்பவரின் தலையிலிருந்து எடுத்துவிடுங்கள். கையால் தொட்டுச் செய்கிற வேலை மட்டும் அவவுக்கு மிஞ்சட்டும்.

இரண்டாவது, பார்க்கிறவருக்கும் லீவு வேணும். எங்கட கம்பனி கூட வருசத்துக்கு முப்பது நாள் தருகுது. அக்காவுக்கு ஆர் தருகினம்? நாலு சகோதரங்கள் இருந்தால், லீவில் போகிற மாதங்களை ஒன்றாய்ப் போகாமல் மாறி மாறிப் போடுங்கள். போனவர் விருந்தாளியாய்ப் போகாமல் தாயைப் பார்க்கிற வேலையை ஏற்கட்டும். அந்த நாட்களில் அக்கா கதிர்காமமோ மடுவோ சிநேகிதியின் வீடோ எங்கே என்றாலும் போய்வரட்டும். ஒருவருக்கும் போக ஏலாவிட்டால், சேர்ந்து காசு போட்டு ஊரில் ஒரு அம்மாவைச் சம்பளத்துக்கு வைக்கலாம்.

மூன்றாவது, அவவின் பங்கை எழுத்தில் வையுங்கள். இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பிள்ளைகள் முதிய பெற்றோரைக் கைவிடக்கூடாது என்று சொல்லுது. கைவிட்டால் தாய் தகப்பன் சபை ஒன்றிடம் போய்ப் பராமரிப்புப் பணம் கேட்கலாம். ஆனால் பெற்றோரைப் பார்த்த பிள்ளைக்கு என்ன என்று அந்தச் சபை கேட்பதில்லை. அதை நாங்கள்தான் கேட்கவேணும். வீடு கனடாவிலிருக்கிற தங்கச்சியின் பெயரில், பாரம் ஊரிலிருக்கிற அக்காவின் தோளில் என்றால், தாய் கண்மூடிய பிறகு அந்த அக்கா எங்கே போவாள்? செத்தவீட்டு எட்டு முடிய உறுதியைத் தூக்கிக்கொண்டு சண்டை பிடிப்பதைவிட, தாய் இருக்கும்போதே, அவவின் முன்னால், நொத்தாரிசிடம் போய் ஒரு பங்கோ சீவிய உரித்தோ எழுதிக்கொடுப்பது மரியாதை. அதோடு அவவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "உனக்கு என்ன விருப்பம்?" கலியாணமோ, தொழிலோ, படிப்போ, என்ன சொன்னாலும் அதற்கு வழிபாருங்கள்.

நாலாவது, தொலைபேசி. தினமும் கூப்பிடுகிறோம். "சாப்பிட்டியளோ? சுகமோ? சரி, வைக்கட்டே?" இவ்வளவுதான். அம்மாவிடம் ஒரு வேலை கேளுங்கள். "பிலாக்காய்க் கறிக்கு என்ன போடுறனீங்கள் அம்மா? என்ர அறைக்காரருக்குச் சமைக்கப் போறன்" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணித்தியாலம் கதைப்பா. தன்னாலும் இன்னும் ஒருவருக்குப் பயன் இருக்கு என்பதுதான் வயதுபோனவருக்குத் தேவையான மருந்து. பிள்ளைகளோடும் அப்படித்தான். "படிக்கிறியா?" என்று மட்டும் கேட்டால் அவன் தொலைபேசியைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஓடுவான். ஒரு கணக்கைச் சேர்ந்து செய்யுங்கள். பள்ளிக்கூட வாத்தியாரின் பெயர் என்ன, பக்கத்தில் இருக்கிற சிநேகிதன் ஆர் என்று தெரிந்து வைத்திருங்கள்.

கடைசியாக, இங்கே நாங்கள் ஒருவருக்கொருவர் குடும்பம். அறையிலிருக்கிற எட்டுப்பேரும் எட்டுத் திசை. ஒருவனுக்கு நெஞ்சு நொந்தால் மற்றவனுக்கு அவன் வீட்டு நம்பர் தெரியாது. ஒவ்வொரு அறையிலும் ஒரு கடதாசியில் எல்லாருடைய பாஸ்போர்ட் நம்பர், ஊர் நம்பர், எடுக்கிற மருந்து, என்ன நோய் என்று எழுதி அலுமாரிக் கதவுக்குள் ஒட்டுங்கள். ஒருவன் நாலு நாள் கதைக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், "உவன் இப்பிடித்தான்" என்று விடாமல் தேத்தண்ணியோடு பக்கத்தில் போய் இருங்கள். சோனாப்பூரிலும் ஜெபல் அலியிலும் இருக்கிற பொடியங்கள் பஸ் காசைப் பார்த்து இங்கே வராமல் நிற்கினம். மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் அவர்களிடம் போவோம். சங்கத்தில் இதற்கு ஒரு பட்டியல் போடவேணும் என்று இந்த மேடையில் வைத்தே கேட்டுக்கொள்கிறேன். முதல் பெயராக என் பெயரைப் போடலாம்.

பெரியோர்களே! இன்று கைவிசேசம் கொடுக்கிற நாள். பெரியவர் கையால் சின்னவர் வாங்குவது வழக்கம். இந்த வருசம் ஒரு மாற்றம் செய்வோம். ஊரில் தாய் தகப்பனைப் பார்க்கிற அக்காவுக்கும் தங்கச்சிக்கும், தனியே வீடு நடத்துகிற மனைவிமாருக்கும், வீட்டுச் செலவோடு சேர்க்காமல், அவர்களின் சொந்தப் பெயரில் ஒரு கைவிசேசம் அனுப்புவோம். "இது அம்மாவின் மருந்துக்கு இல்லை, உனக்கு" என்று சொல்லி அனுப்புவோம். தொகை எவ்வளவு என்றாலும் பரவாயில்லை. அந்தச் சொல் போய்ச் சேரட்டும்.